வம்சத்தின் மேல் ஒரு வழக்கு

நெதர்லாந்தில் ஒரு குடும்பம். அதில் எந்தக் கோளாறும் தொடாத பெரியவர் ஒருவர் 1962இல் தம் வம்சாவளியை உட்கார்ந்து எழுதினார். சொத்துப் பங்கீட்டுக்காக அல்ல. வீட்டு ஆண்களில் ஒன்பது பேர் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கெட்டுப்போயிருந்தார்கள்; ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. 1978இல் அதே குடும்பத்துப் பெண் ஒருவர், எங்கள் வீட்டு ஆண்களுக்கு என்னதான் வந்தது என்ற கேள்வியோடு நைமேகன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். அந்தக் கேள்வி ஹான் புருன்னர் என்ற மரபியல் மருத்துவரின் மேசைக்கு வந்து சேர, அவர் ஆண்டுக்கணக்கில் அதன் பின்னாலேயே அலைந்தார்.

வேலையில் குறை சொன்ன மேலாளர் மேல் காரை ஏற்றப் பார்த்தவர் அந்தக் குடும்பத்தில் ஒருவர். காப்பகத்துக் கண்காணிப்பாளரைக் கவைக்கோலால் குத்தியவர் இன்னொருவர். இருவர் தீவைத்தவர்கள். உடன்பிறந்த பெண்களையே கத்தியைக் காட்டி மிரட்டியவரும் உண்டு. மற்ற நேரங்களில் இவர்கள் ஒதுங்கியே இருப்பார்கள், அதிகம் பேசமாட்டார்கள். ஆத்திரமோ பயமோ ஏமாற்றமோ வந்துவிட்டால், அதுவும் சில சமயம் சின்ன விஷயத்துக்கே, ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை ஆட்டம்தான். தூக்கம் பிடிக்காது, தூங்கினாலும் அலறி எழுவார்கள். அறிவுத்திறன் அளவு 85ஐ ஒட்டி இருந்தது. பெண்களுக்கு ஒன்றுமில்லை. தாயிடமிருந்து மகனுக்கு இறங்கும் எக்ஸ் குரோமோசோமில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்கு அதுவே தடயம்.

1993 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் விடை வந்தது. மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ, சுருக்கமாக எம்.ஏ.ஓ.ஏ., என்ற நொதியை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. செரட்டோனின், நார்அட்ரீனலின், டோபமைன் ஆகியவற்றைச் சிதைத்து மூளையில் அவற்றின் அளவைக் கட்டுக்குள் வைப்பது இந்த நொதியின் வேலை. குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘நிறுத்து’ என்ற கட்டளை வந்துவிட்டதால், நொதி பாதியிலேயே நின்றுபோயிற்று. இரண்டு ஆண்டுகளில் பிரான்சிலிருந்து ஒரு துணைச் சாட்சி வந்தது. வேறு ஆய்வுக்காக எலிகளுக்குள் செலுத்திய மரபணு தற்செயலாக எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவுக்குள் போய் விழுந்து அதைச் செயலிழக்கச் செய்திருந்தது. அந்த ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறின.

பத்திரிகைகள் ‘வன்முறை மரபணு’ என்று தலைப்புப் போட்டன. புருன்னர் அப்போதே மறுத்தார்: நடத்தைக்கென்று ஒரு மரபணு கிடையாது, இந்தக் குடும்பத்தில் நடந்தது ஒரு வேதியியல் விபத்து. அவர் சொன்னதுதான் சரி. அந்த நொதியே இல்லாமற்போன வேறொரு குடும்பம் மருத்துவ இலக்கியத்தில் பதிவாக ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது; இன்றுவரை விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே. ஆனாலும் குற்றத்துக்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்று யார் பேச எழுந்தாலும் முதலில் வாயில் வருவது இந்த டச்சுக் குடும்பம்தான். அரிதிலும் அரிதான விதிவிலக்கை வைத்துக்கொண்டு பொதுவிதியைத் தேடியதில்தான் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் தொடங்கியது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். உளமருத்துவம் ‘சமூகவிரோத ஆளுமைக் கோளாறு’ என்பது கூட்டத்தோடு பழகாமல் ஒதுங்கி இருப்பதை அல்ல. பிறர் உரிமையை மதிக்காமை, கூசாமல் பொய் சொல்லுதல், முன்யோசனை இல்லாத வேகம், அடிதடி, செய்ததற்கு வருந்தாமை ஆகியவை சேர்ந்து பழக்கமாகிப்போன நிலை அது. பதினெட்டு வயது நிறைந்தவருக்கே அந்தப் பெயரைத் தரலாம். அதன் தொடக்கம் பதினைந்து வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சிறையில் இருப்பவர் எல்லாரும் இதில் சேரமாட்டார்கள். இதில் சேர்பவர் எல்லாரும் சிறையிலும் இல்லை.

குற்றம் ரத்தத்தில் ஓடுகிறது என்ற நினைப்பு மரபணுவைவிட மூத்தது. இத்தாலியின் சேசரே லொம்ப்ரோசோ 1876இல் பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டின் அமைப்பை வைத்தே அடையாளம் காட்டிவிடலாம் என்று புத்தகம் போட்டார். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், பிரிட்டிஷ் இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. உயிரியலைவிட, சாதிக்குச் சாதி தொழில் பிறப்பிலேயே வரும் என்ற காலனிய நம்பிக்கைதான் அதன் அடித்தளம். ஆனால் விளைவு ஒன்றுதான். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் பிறமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்கள் ரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் படுத்துக்கிடக்க வேண்டியதாயிற்று. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்துக் கூடியவர்கள் மேல் துப்பாக்கி நீண்டது. மாயக்காள் உட்படப் பலர் செத்தார்கள். ஜெர்மனியிலோ 1929இல் யோகன்னஸ் லாங்கே என்ற மனநல மருத்துவர், சிறைப்பட்ட இரட்டையர்களை எண்ணிப் பார்த்து, ஒருகரு இரட்டையர் பதின்மூன்று இணைகளில் பத்து இணைகளில் இருவருமே சிறை சென்றிருப்பதாகவும், இருகரு இரட்டையர் பதினேழில் இரண்டு இணைகள் மட்டுமே அப்படி என்றும் எழுதினார். நூலின் தலைப்பே குற்றம் விதி என்பதுதான். நான்கு ஆண்டுகளில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். கட்டாயக் கருத்தடைச் சட்டம் அதே 1933இல் வந்தது.

ஆகவே இந்தத் துறையைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் வேறு, மறுப்பு வேறு. மரபுக்குப் பங்கே இல்லை என்று இன்று சொல்வதும் பொய்தான்.

லாங்கே எண்ணிய கூட்டம் சின்னது, ஆனால் முறை தவறானதல்ல. ஒருகரு இரட்டையர் மரபணுவில் அச்சு அசல் ஒன்று. இருகரு இரட்டையர் சாதாரண அண்ணன் தம்பிபோல் சராசரியாகப் பாதி. வீடு இருவகைக்கும் ஒன்றே. முதல் வகையினர் அதிகம் ஒத்துப்போனால் அந்த மிகுதியை மரபின் கணக்கில் எழுதலாம். சூஹியூன் ரீ, இர்வின் வால்ட்மன் இருவரும் 2002இல் இப்படிப்பட்ட 51 இரட்டையர், தத்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சமூகவிரோத நடத்தையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 41 விழுக்காடு மரபுக்கு, 16 விழுக்காடு ஒரே வீட்டுச் சூழலுக்கு, 43 விழுக்காடு ஒரே வீட்டில் வளர்ந்தாலும் தனித்தனியாக வாய்க்கும் அனுபவங்களுக்கு. கடைசியில் சொன்னதற்குள் அளவீட்டுப் பிழையும் அடக்கம். அதை மறந்துவிடுவோர் உண்டு.

தத்துப் பிள்ளைகளைப் பார்ப்பது இன்னும் நேரடியான வழி. டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை உறவல்லாத குடும்பங்களுக்குத் தத்துப் போன 14,427 பேரின் பதிவுகளை சார்நாஃப் மெட்னிக் குழுவினர் நீதிமன்றப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார்கள். பெற்றவர்களும் வளர்த்தவர்களும் குற்றப் பதிவு இல்லாதவர்கள் என்றால், மகன்களில் 13.5 விழுக்காட்டினருக்குத் தண்டனைப் பதிவு இருந்தது. வளர்த்தவர்களுக்கு மட்டும் பதிவு இருந்தால் 14.7. பெற்றவர்களுக்கு மட்டும் இருந்தால் 20. இரு பக்கமும் இருந்தால் 24.5. நூலைப் போல சேலை என்று சொல்பவருக்கு இந்த எண்களில் ஓரளவு ஆதரவு உண்டு. ஆனால் இன்னொரு பக்கமிருந்தும் படிக்கலாம்: குற்றவாளிக்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த மகன்களில் ஐந்தில் நால்வர் எந்த வழக்கிலும் சிக்கவில்லை. தவிர, பெற்றவர்களோடு தெரிந்த இந்தத் தொடர்பு திருட்டு, மோசடி போன்ற சொத்துக் குற்றங்களில்தான். வன்முறைக் குற்றங்களில் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டாவது செய்தி மேற்கோள்களில் பெரும்பாலும் காணாமற்போய்விடும்.

நாற்பது விழுக்காடு என்ற எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருவன் திருடினான் என்றால் அதில் நாற்பது பங்கு மரபு, அறுபது பங்கு வளர்ப்பு என்று அதற்குப் பொருள் கிடையாது. தனி ஆளைப் பிரித்துக் காட்டும் எண்ணே அல்ல அது. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட நாட்டில், மனிதர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே அது பங்கிடுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரமான பள்ளியும் வயிறு நிறைந்த சோறும் கிடைக்கும் நாட்டில் சூழல் வேறுபாடு சுருங்கிவிடும். மிஞ்சும் வேறுபாட்டில் மரபின் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். மனிதர்களின் மரபணு எதுவும் மாறியிருக்காது. டென்மார்க்கின் எண்ணைத் தருமபுரிக்குக் கொண்டுவர முடியாது.

வகையும் முக்கியம். லண்டனில் எஸ்ஸி வைடிங் 2005இல் ஏழு வயது இரட்டையர்களைப் பற்றி ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளை ஆராய்ந்தார். முரட்டுத்தனம் காட்டும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்: அடுத்தவர் அழுதால் கலங்காத, தப்பு செய்ததற்குக் கூசாத பிள்ளைகள் ஒரு பக்கம், ஆத்திரத்தில் அடித்துவிட்டுப் பிறகு வருந்தும் பிள்ளைகள் மறுபக்கம். முதல் பிரிவின் நடத்தையில் மரபின் பங்கு 81 விழுக்காடு என்று வந்தது, இரண்டாவதில் 30. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் முடிவு இது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் ஒன்றே. இருவருமே பக்கத்து இருக்கைப் பையனைப் பென்சிலால் குத்தியவர்கள். உள்ளே ஓடுவது வேறு வேறு.

மரபுக்குப் பங்கு உண்டு என்று ஆனபின், எந்த மரபணு என்ற தேடல் தொடங்கியது. அங்கேதான் சறுக்கல். 1965இல் பாட்ரிசியா ஜேக்கப்ஸ் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் காப்பு மருத்துவமனையில் ஒரு ஒய் குரோமோசோம் கூடுதலாக உள்ள ஆண்கள் எதிர்பார்ப்புக்கு மேல் இருப்பதைக் கண்டார். உடனே ‘எக்ஸ்.ஒய்.ஒய்.’ கொலைகாரன் பிறந்துவிட்டான். சிகாகோவில் 1966இல் எட்டு செவிலியர் மாணவிகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக் அந்த வகை என்று செய்தி பரவியது. பரிசோதித்துப் பார்த்தால் அவனுக்கு எல்லாரையும்போல ஒரே ஒய்தான். 1976இல் கோபன்ஹேகனில் உயரமான ஆண்கள் 4,139 பேரைச் சோதித்தபோது பன்னிரண்டு பேர் அப்படி அகப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பேருக்குத் தண்டனைப் பதிவு இருந்தது உண்மை, ஆனால் பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள், வன்முறைக்கு ஆதாரமில்லை.

எம்.ஏ.ஓ.ஏ.வின் கதை இதைவிட நுட்பமானது. டச்சுக் குடும்பத்தின் சிதைவு அரிது. ஆனால் அதே மரபணுவின் முகப்பில், அதை எவ்வளவு இயக்குவது என்று தீர்மானிக்கும் பகுதியில், எல்லா மனிதரிடமும் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. சிலருக்கு நொதி குறைவாகச் சுரக்கும், சிலருக்குக் கூடுதலாக. நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வை வைத்து, அவ்ஷலோம் காஸ்பியும் டெர்ரி மாஃபிட்டும் 2002இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். சிறுவயதில் கொடுமைப்பட்ட ஆண்களில், குறைந்த வகை மரபணு உள்ளவர்களே பிற்காலத்தில் வன்முறைக்குப் போவது அதிகம். இரண்டும் சேர்ந்தவர்கள் ஆண்களில் 12 விழுக்காடுதான். வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்கள் கணக்கில் இருந்தது. கொடுமைப்படாதவர்களிடம் அந்த மரபணு எந்த வேலையும் காட்டவில்லை.

இயற்கையா வளர்ப்பா என்ற பழைய சண்டைக்கு இது ஓர் அழகான தீர்ப்பு. ஆகவே எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்த ஆய்வுகளில் சில அதையே சொல்லின, சில சொல்லவில்லை. 2014இல் ஏமி பேர்டும் ஸ்டீபன் மானுக்கும் 27 ஆய்வுகளைத் தொகுத்து, ஆண்களைப் பொறுத்தவரை காஸ்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது, ஆனால் விளைவு சிறியது என்றார்கள். பெண்களிடம் அதே வடிவம் தெரியவில்லை. ஒற்றை மரபணு ஆய்வுகள் பலவும் மறுபரிசோதனையில் உதிர்ந்துபோன காலம் அது. அந்தக் கூட்டத்தில் இது ஒன்று ஓரளவு நின்றது என்று வேண்டுமானால் சொல்லலாம். தெருவுக்கு வந்தபோதோ இதன் பெயர் ‘போர்வீரர் மரபணு’ ஆகியிருந்தது. 2006இல் நியூஸிலாந்தில் மாவோரி மக்களிடம் இது அதிகம் என்று ஓர் ஆய்வாளர் பேசப்போக, நாட்டின் குற்றப் புள்ளிவிவரத்துக்கு அதுதான் காரணம் என்று செய்தித்தாள்கள் முடிச்சுப் போட்டன. ஐரோப்பிய வம்ச ஆண்களிலேயே மூன்றில் ஒருவருக்கு இந்த வகை உண்டு, சீனர்களில் பாதிக்கு மேல் என்பதைச் சொன்னால் அந்த முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இப்போது யாரும் ஒரு மரபணுவைத் தேடுவதில்லை. முழு மரபுத்தொகுப்பையும் இலட்சக்கணக்கானவர்களிடம் ஒரே மூச்சில் சலிக்கிறார்கள். யோரிம் டீல்பேக் தலைமையிலான கூட்டாய்வு 2022இல் 85,359 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, முன்பு மொழியோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஃபாக்ஸ்பி2 மரபணுவை ஒட்டிய ஓரிடம் அகப்பட்டது. இந்த முறையில் தென்பட்ட மொத்த மரபுப் பங்கு 8.4 விழுக்காடு. இரட்டையர் ஆய்வின் நாற்பது எங்கே, இந்த எட்டு எங்கே? இடைவெளிக்கு விளக்கங்கள் உண்டு: அரிய மாற்றங்கள் இந்தச் சல்லடையில் விழாது, இரட்டையர் கணக்கும் கொஞ்சம் தாராளமாகவே தரும். 2021இல் ரிச்சர்ட் கார்ல்சன் லின்னர் குழு வலையை இன்னும் அகலமாக வீசியது. புகை, போதை, கட்டுப்பாடற்ற வேகம் எல்லாவற்றையும் ஒரே போக்காக எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் தரவிலிருந்து 579 இடங்களைக் கண்டது. அவை அத்தனையும் சேர்ந்து தரும் மதிப்பெண்கூட அந்தப் போக்கில் சுமார் பத்து விழுக்காடு வேறுபாட்டைத்தான் விளக்கும். கூட்டத்தைப் பற்றிப் பேச அது போதும். வாசலில் நிற்கும் ஓர் ஆளைப் பற்றிப் பேச ஒருபோதும் போதாது. அதுவும் ஐரோப்பிய வம்சத்தவரை வைத்துப் போட்ட கணக்கு; இந்தியர்களிடம் அதன் துல்லியம் மேலும் குறையும்.

நீதிமன்றங்கள் இவ்வளவு பொறுமையாக இருக்கவில்லை. 1994இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கொலைக் குற்றவாளியின் வழக்கறிஞர்கள், புருன்னரின் கட்டுரையைக் காட்டித் தம் கட்சிக்காரருக்கும் அந்தச் சோதனை வேண்டும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்தது, 2005இல் மரண தண்டனை நிறைவேறியது. 2009இல் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், மரபணுச் சான்றையும் கருத்தில் கொண்டு ஓர் அல்ஜீரியரின் கொலைத் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. அதே ஆண்டு டென்னஸீயில் ஒரு கொலை வழக்கின் நடுவர் குழு, எம்.ஏ.ஓ.ஏ. வகையும் சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்த வாதத்தைக் கேட்டபின், திட்டமிட்ட கொலை என்பதைக் கைவிட்டு அதைவிடக் குறைந்த குற்றத்துக்குத் தீர்ப்பளித்தது. 2012இல் ஓர் ஆய்வு அமெரிக்காவின் 19 மாநிலங்களைச் சேர்ந்த 181 நீதிபதிகளிடம் ஒரே கற்பனை வழக்கைக் கொடுத்தது. பாதிப் பேருக்கு மட்டும் குற்றவாளியின் மனக்கோளாறுக்கான உயிரியல் விளக்கம் சேர்த்துத் தரப்பட்டது. தண்டனை சராசரி 13.93 ஆண்டிலிருந்து 12.83 ஆண்டாக இறங்கியது. பிறவியிலேயே அப்படி என்றால் இரக்கம் காட்டுவதா, அல்லது இனி மாறமாட்டான் என்று கூடுதலாக உள்ளே வைப்பதா? ஒரே சான்று இரண்டு பக்கமும் வெட்டும். திரியெஸ்தே தீர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றில் ஒருவருக்கு இருக்கும் ஒன்றுக்குச் சலுகை என்றால் ஊரில் பலருக்கும் சலுகை தரவேண்டியிருக்கும்.

மரபும் சூழலும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பதில்தான் புதிய சேதிகள் இருக்கின்றன. முரட்டு இயல்போடு பிறந்த பிள்ளை பெற்றோரின் எரிச்சலைத் தானே வரவழைத்துக்கொள்ளும். 1998இல் வந்த ஒரு தத்து ஆய்வு, பெற்ற தாய்வழி இடர் உள்ள பிள்ளைகளை வளர்ப்புப் பெற்றோர் கூடுதலாகக் கண்டித்ததைக் காட்டியது. பெற்ற வீட்டிலோ பிள்ளைக்கு அந்த இயல்பைத் தந்தவரே தண்டிப்பவராகவும் இருப்பார். அப்படியானால் அடி வாங்குவதும் பிள்ளையின் மரபுதானா? சாரா ஜாஃபி 2004இல் இங்கிலாந்து இரட்டையர்களிடம் இதைச் சோதித்தார். சாதாரணமாக ஓர் அடி வைப்பது ஓரளவு பிள்ளையின் இயல்பால் தூண்டப்படுகிறது. காயம் படும்படி அடிப்பது அப்படியல்ல. அது முழுக்க முழுக்கப் பெரியவரின் பக்கத்திலிருந்தே வருகிறது. அந்த அடியே பிறகு பிள்ளையின் வன்முறையைக் கூட்டவும் செய்கிறது. அடியாத மாடு படியாது என்று நம்பும் நம் ஊர்ப் பள்ளிகளும் வீடுகளும் இந்த ஒரு முடிவையாவது தெரிந்துகொள்ளலாம்.

லூக் ஹைடும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, பிறந்த உடனே தத்துப் போன 561 குழந்தைகளைப் பற்றியது. பெற்ற தாய்க்குக் கடுமையான சமூகவிரோத வரலாறு இருந்தால், அவள் முகத்தையே பெரும்பாலும் பார்க்காத குழந்தையிடமும் 27 மாத வயதில் பிறர் வலிக்குக் கலங்காத தன்மை கூடுதலாகத் தெரிந்தது. வைடிங் ஏழு வயதில் கண்டது இங்கே இரண்டேகால் வயதிலேயே தெரிகிறது, அதுவும் மரபு வழியாக மட்டும். ஆனால் ஒன்பது மாதம் முன்பு, குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, வளர்ப்புத் தாய் குழந்தையோடு விளையாடுவதைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். குழந்தை ஒன்றைச் சரியாகச் செய்தபோது பாராட்டினாரா, தட்டிக்கொடுத்தாரா என்று அதில் எண்ணினார்கள். அப்படி அதிகம் செய்த தாய்மாரின் வீடுகளில், பெற்ற தாயின் வரலாறு குழந்தையிடம் தென்படவில்லை.